உண்மையைக் கேட்பவர்கள் முதலில் வாக்கைக் காப்பாற்றட்டும்!

சென்ற மாதம் எங்கள் வட்டாரத்தில் நடந்த படிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர் எழுந்தார். பொருளாதாரம் படிக்கிற பிள்ளை, நல்ல புத்திசாலி. அவர் கேட்டார்: "தோழர், திட்டமிடுதல், கூட்டு பேரம், சங்கம் என்றெல்லாம் பேசுகிறீர்கள். இவையெல்லாம் இனி எதற்கு? விதிகளைச் சரியாக வகுத்துவிட்டால் ஒவ்வொருவனும் தன் சுயநலத்துக்காகவே உண்மையைச் சொல்லிவிடுவான் என்று கணிதத்தால் நிரூபித்துவிட்டார்களே! அதற்கு நோபல் பரிசும் கொடுத்துவிட்டார்களே!"

நாம் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவர்கள். அன்று அவசரப்பட்டு ஏதாவது சொல்லிச் சமாளிக்க நாம் விரும்பவில்லை. "படித்துவிட்டுச் சொல்கிறோம், தம்பி" என்றோம். படித்தோம், தெரிந்தவர்களிடம் கேட்டோம். படித்த பிறகு ஒரு விஷயம் தெளிவாயிற்று. கணக்கு சரியான கணக்குத்தான். அந்தக் கணக்கைக் காட்டி நடத்தப்படும் பிரசாரம்தான் புரட்டு. அதை இங்கே விளக்குகிறோம்.

எங்கே பிறந்த சாஸ்திரம்?

இந்த சாஸ்திரத்துக்கு 'மெக்கானிஸம் டிசைன்' என்று பெயர். விதி வகுக்கும் கலை என்று தமிழில் சொல்லலாம். பிறர் மனதில் உள்ளது நமக்குத் தெரியாத நிலையில், நாம் விரும்பும் பலன் கிடைக்கும்படி விதிகளை எப்படி அமைப்பது என்பதே இதன் கேள்வி. ஏலம், டெண்டர், கூலி விகிதம், வரி எல்லாம் இதில் அடங்கும்.

சந்தையைப் பூஜிப்பவர்கள் இதைத் தங்கள் வீட்டுச் சொத்துப் போலப் பேசுகிறார்கள். சரித்திரம் வேறு சொல்கிறது. 1920ல் லுட்விக் வான் மைசஸ் என்ற ஆஸ்திரியப் பொருளாதாரவாதி, சோஷலிஸத்தில் கணக்குப் போடவே முடியாது என்று எழுதினார். அதற்கு 1936, 1937 ஆண்டுகளில் போலந்து நாட்டு சோஷலிஸ்டு ஆஸ்கர் லாங்கே பதில் எழுதினார். திட்டக் குழுவே விலைகளை வைத்து, பற்றாக்குறையும் தேக்கமும் பார்த்து அவற்றைத் திருத்தலாம் என்றார். 1945ல் ஹயெக் வாதத்தை வேறு பக்கம் திருப்பினார். அறிவு கோடிக்கணக்கான மனிதர்களிடம் சிதறிக் கிடக்கிறது, அதைத் தலைநகரில் உட்கார்ந்து திரட்ட முடியாது, சந்தை விலைதான் திரட்டும் என்றார்.

இந்த வாதத்தை நியாயமான கணக்காக மாற்ற முனைந்தவர் லியோனித் ஹர்விச். 1917ல் மாஸ்கோவில் பிறந்தவர், போலந்தில் வளர்ந்தவர், 1940களின் தொடக்கத்தில் சிகாகோவில் அதே லாங்கேக்கு ஆராய்ச்சி உதவியாளராக இருந்தவர். 1960ல் எழுதிய கட்டுரையிலும் 1972ல் எழுதிய கட்டுரையிலும் அவர் போட்ட அஸ்திவாரத்தின் மேல்தான் இந்தக் கட்டடம் நிற்கிறது. 2007ல் ஹர்விச், எரிக் மாஸ்கின், ரோஜர் மையர்சன் மூவருக்கும் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசும் நோபலின் உயிலில் இருந்ததல்ல. 1968ல் ஸ்வீடன் மத்திய வங்கி நோபலின் நினைவாக ஏற்படுத்தியது. அது இருக்கட்டும். சோஷலிஸத்தில் திட்டமிட முடியுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்த சாஸ்திரத்தை, சோஷலிஸத்தின் சமாதிக்கல் என்று காட்டுவது என்ன நாணயம்?

அந்த விதி என்ன சொல்கிறது?

மாணவர் சொன்ன விதிக்கு 'ரிவலேஷன் பிரின்சிபிள்' என்று பெயர். வெளிப்பாட்டு விதி என்போம். 1973ல் ஆலன் கிபார்டு என்ற தத்துவ ஆசிரியர் அதன் ஒரு வடிவத்தைச் சொன்னார். 1970களின் கடைசியில் மையர்சனும் வேறு சிலரும் அதை விரிவாக்கினார்கள். பெரிய பெயர்தான், ஆனால் புரியாத விஷயம் இல்லை.

ஒரு பொருளுக்கு மூடிய உறையில் டெண்டர் கேட்கிறார்கள். அதிகம் எழுதியவருக்குப் பொருள். எழுதிய தொகையைக் கட்ட வேண்டும். ஒருவருக்கு அந்தப் பொருள் 80 ரூபாய் பெறும். அவர் 80 எழுதுவாரா? மாட்டார். எதிராளியை மனதில் கணக்கிட்டு 40 என்று எழுதுவார். இது பொய். எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள்.

இப்போது டெண்டர் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தாவை உட்கார வையுங்கள். அவர் சொல்கிறார்: "ஐயா, உங்கள் உண்மை மதிப்பை என்னிடம் சொல்லுங்கள். உங்களுக்கு லாபமான பொய் எதுவோ அதைக் கணக்குப் போட்டு நானே எழுதிவிடுகிறேன்." இனி அவர் குமாஸ்தாவிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? 80 என்றே சொல்வார். குமாஸ்தா 40 என்று எழுதுவார். எல்லோரும் உண்மை பேசினார்கள்; பலன் பழைய பலனே.

இதுதான் விதி. பொய்யும் தந்திரமும் நிறைந்த எந்த ஏற்பாட்டின் பலனையும், எல்லோரும் உண்மை சொல்லும் ஓர் ஏற்பாட்டால் அப்படியே பெறலாம். ஆகவே சிறந்த ஏற்பாட்டைத் தேடுகிறவர் உண்மை சொல்லும் ஏற்பாடுகளுக்குள் தேடினால் போதும். தேடுகிறவரின் வேலையைக் குறைக்கும் அருமையான கருவி; அதை நாம் மதிக்கிறோம்.

ஆனால் கவனியுங்கள். குமாஸ்தா வந்ததால் யாருக்காவது ஒரு காசு கூடிற்றா, குறைந்ததா? இல்லை. அநியாயமான ஏற்பாட்டில் எல்லோரும் உண்மை சொன்னால் அதே அநியாயம் உண்மை பேசிக்கொண்டே நடக்கும். விதி யாருக்காக வகுக்கப்படுகிறது, என்ன பலனுக்காக வகுக்கப்படுகிறது என்பது வேறு கேள்வி. அதைப் பற்றி இந்தச் சூத்திரம் வாய் திறப்பதில்லை.

உண்மைக்கு யார் விலை கொடுக்கிறார்?

1961ல் வில்லியம் விக்ரி ஓர் ஏல முறையை ஆராய்ந்து எழுதினார். அதிகம் கேட்டவருக்கே பொருள். ஆனால் அவர் கட்ட வேண்டியது இரண்டாவது ஆள் கேட்ட தொகை. இதில் பொய் சொல்வதால் லாபம் இல்லை. உண்மை சொல்வதே உத்தமம். கணக்கு அழகானது.

1990ல் நியூஜிலாந்து சர்க்கார் அலைவரிசைகளை இந்த முறையில், கீழ்விலை வைக்காமல் ஏலம் விட்டது. நடந்தது என்ன? ஒரு கம்பெனி 1 லட்சம் டாலர் கேட்டு 6 டாலர் கட்டிற்று. இன்னொன்று 70 லட்சம் டாலர் கேட்டு 5,000 டாலர் கட்டிற்று. உண்மை வெளியே வந்தது. பொதுச் சொத்தும் கையை விட்டுப் போயிற்று.

"கீழ்விலை வைத்திருந்தால் தப்பியிருக்கலாமே" என்பார்கள். வாஸ்தவம். 1981லேயே மையர்சன் விற்பவருக்கு அதிக லாபம் தரும் ஏலம் எது என்று கணக்கிட்டார். கீழ்விலை வைப்பதே வழி என்று விடை வந்தது. ஆனால் அந்தக் கீழ்விலையின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு மருந்து ஏற்கெனவே செய்து கிடங்கில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி அதற்குச் செலவே இல்லை. வாங்க வருகிறவர்கள் ஒரு ரூபாயிலிருந்து 100 ரூபாய் வரை கொடுக்கக் கூடியவர்கள். எல்லா நிலையிலும் சமமாகப் பரவியிருக்கிறார்கள். யார் எவ்வளவு கொடுக்கக் கூடியவர் என்று விற்பவருக்குத் தெரியாது. அவருக்கு அதிக லாபம் தரும் விலை 50. அதாவது பாதிப் பேர் மருந்து இல்லாமல் திரும்ப வேண்டும்! 20 ரூபாய் கொடுப்பவருக்கு 20க்கே கொடுத்தால் என்ன? கொடுத்தால் 80 ரூபாய்க்காரரும் "எனக்கும் 20தான் முடியும்" என்பார். 80 ரூபாய்க்காரர் பொய் சொல்லாமல் இருப்பதற்காக 20 ரூபாய்க்காரர் மருந்தின்றிச் சாக வேண்டும். உண்மையின் விலையை யார் தலையில் கட்டுகிறார்கள் பார்த்தீர்களா?

இது நமது கற்பனை இல்லை. 1849லேயே டூபூயி என்ற பிரெஞ்சு எஞ்சினியர் இதைக் கண்டு எழுதினார். அந்நாளைய ரயில்களில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடவில்லை. கூரைச் செலவுக்கு அஞ்சி அல்ல. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக் கூடியவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாதே என்றுதான். ஏழை மழையில் நனைந்தான். பணக்காரனைப் பயமுறுத்துவதற்காக நனைந்தான்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கணக்குகளில் 'மதிப்பு' என்பது ஒருவர் எவ்வளவு பணம் கொடுப்பார் என்பது. அவருக்கு எவ்வளவு தேவை என்பதல்ல. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தாய் 20 ரூபாய்தான் கொடுக்க முடியும் என்றால், அந்தப் பிள்ளைக்கு மருந்தின் மதிப்பு 20 ரூபாய் என்று ஏட்டில் ஏறுகிறது. தாய் உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் அவளிடம் கேட்ட கேள்வியே தவறு.

சந்தை பக்தர்களுக்கு ஒரு வார்த்தை

இதே சாஸ்திரம் சந்தையைப் பற்றிச் சொன்னதை மட்டும் பக்தர்கள் மறைத்துவிடுகிறார்கள். 1983ல் மையர்சனும் சாட்டர்த்வெய்ட்டும் ஓர் உண்மையை நிரூபித்தார்கள். விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். தன் மதிப்பு தனக்கு மட்டும் தெரியும். யாரையும் கட்டாயப்படுத்தாமல், வெளியிலிருந்து பணமும் போடாமல், நடக்க வேண்டிய வியாபாரம் அத்தனையும் தவறாமல் நடக்கும்படி எந்த விதியாலும் செய்ய முடியாது. இருவர் மதிப்பும் 0க்கும் 100க்கும் நடுவே எங்கேயும் சமமாக இருக்கலாம் என்றால், உள்ள விதிகளில் மிகச் சிறந்ததில்கூட வாங்குபவரின் மதிப்பு விற்பவரின் மதிப்பைவிட 25 கூடுதலாக இருந்தால்தான் வியாபாரம் நடக்கும்.

இதைக் கண்டுபிடிக்க உதவிய கருவி எது தெரியுமா? அதே வெளிப்பாட்டு விதிதான்! சிதறிய அறிவைச் சந்தை தானாகத் திரட்டிக் கொடுத்துவிடும் என்ற ஹயெக்கின் கீர்த்தனைக்கு, பரிசு பெற்ற கணக்கே பதில் சொல்லிவிட்டது.

மறைந்து கிடக்கும் நிபந்தனை

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். நமது குமாஸ்தாவை மறுபடி பாருங்கள். 80 என்று அவரிடம் சொல்கிறோம். அவர் 40 என்று எழுதுகிறார். இது எந்த நம்பிக்கையில் நடக்கிறது? தெரிந்துகொண்ட 80ஐ வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டார் என்ற நம்பிக்கையில். 80 என்று கேட்டவுடன், "ஓஹோ, உன்னால் 80 முடியுமா? அப்படியானால் 79 கட்டு" என்று அவர் சொன்னால்? அடுத்த நாள் அவரிடம் எவன் உண்மை சொல்வான்?

விதி வகுப்பவர் கொடுத்த வாக்கில் நிற்பார், உண்மையைத் தெரிந்துகொண்ட பிறகும் மாற மாட்டார்: இந்த நிபந்தனையின் மேல்தான் கட்டடம் முழுவதும் நிற்கிறது. புத்தகத்தில் அது ஒரு வரி. தொழிற்சாலையில் அதுதான் வாழ்க்கை.

ஃபிரெடரிக் டெய்லரின் பெயர் கேட்டிருப்பீர்கள். 1878ல் பிலடெல்பியாவின் மிட்வேல் உருக்காலையில் சேர்ந்து, லேத் பட்டறையில் மேஸ்திரியாகி, பிறகு முதலாளிகளுக்கு வேலை வாங்கும் 'விஞ்ஞானம்' கற்பித்தவர். தொழிலாளிகள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்கிறார்கள் என்று அவர் குமுறினார். ஆனால் காரணத்தையும் அவரே ஒப்புக்கொண்டார். பீஸ் ரேட்டில் ஒருவன் அதிகம் செய்து காட்டினால் முதலாளி ரேட்டை வெட்டுகிறான். இரண்டு மூன்று தடவை வெட்டுப்பட்டவன் தன் வேகத்தை இனிக் காட்டுவதில்லை என்று தீர்மானிக்கிறான். 1911ல் வந்த அவர் புத்தகத்தில் இது இருக்கிறது.

1944, 1945 ஆண்டுகளில் டொனால்ட் ராய் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு யந்திரப் பட்டறையில் தாமே துளைபோடும் தொழிலாளியாக வேலை பார்த்துக் குறிப்பெடுத்தார், 1952ல் எழுதினார். மணிக்கு 85 சென்ட் நிச்சயக் கூலி. பீஸ் ரேட்டில் 1 டாலர் 25 சென்ட் வரை போகலாம். அதற்கு மேல் போனால் கடிகாரத்தோடு ஆள் வருவான், ரேட் விழும் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அன்றைய அளவு முடிந்ததும் மிச்ச நேரத்தை அவர்கள் சும்மா கழித்தார்கள்.

இதைச் சோம்பல் என்பார் முதலாளி. நாம் கேட்கிறோம்: உண்மையைச் சொன்னவனைத் தண்டிக்கிற இடத்தில் உண்மையை மறைப்பது சோம்பலா, தற்காப்பா? பரிசு பெற்ற அறிஞர்களின் சாஸ்திரமே தொழிலாளியின் பக்கம் சாட்சி சொல்கிறது. 1988ல் லஃபோன், திரோல் என்ற இரு பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர்கள், இன்று தெரிந்துகொண்டதை நாளை பயன்படுத்தும் எஜமானனிடம் உண்மையைப் பெறுவது எவ்வளவு கடினம் என்று காட்டினார்கள். 2001ல் பெஸ்டரும் ஸ்ட்ரௌஸும், வாக்குறுதி முழுமையாக இல்லாத இடத்தில் வெளிப்பாட்டு விதி பழைய வடிவில் நிற்காது என்று நிறுவினார்கள். அங்கே ஒருவன் சில சமயம் உண்மை சொல்வான், சில சமயம் மறைப்பான். நமது சங்கத்துக்கு வரும் எந்தத் தறிக்காரரும் இதைச் சமன்பாடு இல்லாமலே சொல்வார்.

நம் வீட்டுக் குறையையும் சொல்வோம்

எதிரியின் குறையை மட்டும் சொல்லி நம்முடையதை மூடி வைப்பது நமக்கு அழகில்லை. இதே நோய் சோவியத் யூனியனிலும் இருந்தது.

1935 ஆகஸ்டு கடைசியில் ஸ்தகானவ் என்ற சுரங்கத் தொழிலாளி, தாங்கு மரம் போடும் தோழர்களின் உதவியோடு ஒரே ஷிப்டில் 102 டன் நிலக்கரி வெட்டினார். அன்றைய அளவு 7 டன். நாடே கொண்டாடிற்று. 1936ல் பல தொழில்களில் வேலை அளவு உயர்த்தப்பட்டது. ஒரு சிலர் செய்து காட்டியது மற்ற எல்லோர் தலையிலும் ஏறிற்று. ஆலை மானேஜர்களும் பாடம் கற்றார்கள். எட்டிய இடத்திலிருந்தே அடுத்த ஆண்டுத் திட்டம் தொடங்கியதால், ஆலையின் முழுச் சக்தியைக் காட்டாமல் ஒளித்து வைத்தார்கள்.

இதைத் தீர்க்க 1970களில் ஒரு போனஸ் முறை கொண்டுவந்தார்கள். அமெரிக்கப் பொருளாதாரவாதி மார்ட்டின் வைட்ஸ்மன் 1976ல் அதை ஆராய்ந்தார். அதன் சாரத்தை ஓர் உதாரணத்தால் சொல்கிறோம். திட்டத்தில் ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு டன்னுக்கும் 2 ரூபிள். அதற்கு மேல் செய்தால் டன்னுக்கு 1 ரூபிள். குறைந்தால் டன்னுக்கு 3 ரூபிள் பிடித்தம். 100 டன் செய்யக் கூடிய ஆலை 100 என்று ஒப்புக்கொண்டால் 200 ரூபிள். 80 என்று மறைத்து 100 செய்தால் 160ம் 20ம் சேர்ந்து 180. 120 என்று ஜம்பமடித்து 100 செய்தால் 240ல் 60 போக 180. உண்மையே லாபம்!

பிறகு ஏன் மானேஜர்கள் தொடர்ந்து மறைத்தார்கள்? ஏனெனில் இந்தக் கணக்கு ஒரு வருஷத்துக் கணக்கு. இந்த ஆண்டு 100 என்றால் அடுத்த ஆண்டு 100க்குத் தனிப் பரிசு இல்லை, 110 கேட்பார்கள். மேலே உள்ளவர்கள் விதியை வகுத்தார்கள். தாங்கள் வகுத்த விதிக்குத் தாங்களே கட்டுப்படவில்லை. சோவியத் அமைப்பு 1991ல் விழுந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அத்தனையையும் இதன் மேல் போட நாம் தயாரில்லை. ஆனால் கீழே உள்ளவர்கள் மேலே உள்ளவர்களை வாக்கில் நிறுத்த முடியாத இடத்தில் திட்டத்துக்கு உண்மையான எண்கள் கிடைக்காது என்ற பாடத்தை நாம் மறக்கக் கூடாது. திட்டமிடுதலுக்கு ஜனநாயகம் அலங்காரத் தோரணம் இல்லை. கணக்குக்கே அது தேவை.

தனித்தனி அறைகள்

கடைசியாக ஒன்று. இந்தச் சூத்திரத்தின் சாதாரண வடிவத்தில் ஒவ்வொருவரும் தனித்தனி அறையில் இருக்கிறார்கள். மையத்தின் காதில் மட்டும் பேசுகிறார்கள், தங்களுக்குள் பேசுவதில்லை. பேசிக்கொண்டால் அதற்கு 'சதிக் கூட்டு' என்று பெயர். டெண்டரில் காண்டிராக்டர்கள் கூடிப் பேசுவதும், பட்டறையில் தொழிலாளிகள் கூடிப் பேசுவதும் அந்த ஏட்டில் ஒன்றே!

இன்று அந்தத் தனி அறையை அலைபேசியில் கட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தை வீடு வீடாகக் கொண்டுபோகும் இளைஞனிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. எந்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டான், எதை மறுத்தான், எந்த நேரத்தில் எந்த ரேட்டுக்கும் ஓடினான் என்பதெல்லாம் அவன் வாய் திறக்காமலே பதிவாகிறது. அவன் உண்மை அவர்கள் கையில். அவர்கள் கணக்கு அவனுக்குத் தெரியாது. ரேட்டை நாளை மாற்ற மாட்டோம் என்று எந்த வாக்கும் இல்லை. பக்கத்துப் பையனுக்கு என்ன ரேட் என்றும் தெரியாது. டெய்லர் காலத்துத் தொழிலாளிக்கு மெதுவாகச் செய்யும் சுதந்திரமாவது இருந்தது. இவனிடம் அதையும் பறிக்கப் பார்க்கிறார்கள்.

மாணவருக்கு நமது பதில்

ஆகவே, தம்பி, உங்கள் கேள்விக்கு நமது பதில் இது. அந்தச் சூத்திரத்தைப் படியுங்கள், நன்றாகப் படியுங்கள். அதை எதிரிக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். படித்துவிட்டு, எந்த 'இன்சென்டிவ்' திட்டம் உங்கள் முன் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: இந்த விதி யாருடைய பலனுக்காக வகுக்கப்பட்டது? இரண்டு: உண்மை வெளிவருவதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள், 80 ரூபாய்க்காரரா, 20 ரூபாய்க்காரரா? மூன்று: உண்மையைத் தெரிந்துகொண்ட பிறகு விதி வகுத்தவர் வாக்கு மாறினால் அவர் கையைப் பிடித்து நிறுத்த யார் இருக்கிறார்கள்?

சங்கம் எதற்கு என்று கேட்டீர்கள். மூன்றாவது கேள்விக்கு விடைதான் சங்கம். "யந்திரம் மாறாமல் ரேட் மாறக் கூடாது" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி, அதில் முதலாளியின் கையெழுத்தை வாங்கி, அவர் அதை மீறினால் மறுநாள் காலை வாயிலில் நிற்க ஆட்கள் இருந்தால், அன்றைக்குத் தொழிலாளி தன் வேகத்தைத் தாராளமாகக் காட்டுவான். பரிசு பெற்றவர்கள் தங்கள் புத்தகத்தில் ஒரு வரியில் அனுமானித்துக்கொண்டு போன அந்த நிபந்தனையை, தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து, பட்டினி கிடந்து, சிறை சென்று, அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கியிருக்கிறார்கள். அப்படி ஒப்பந்தம் இல்லாத இடத்தில் உழைப்பாளியிடம் உண்மையைக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை.

அடுத்த படிப்பு வட்டம் வழக்கமான இடத்தில், வழக்கமான நேரத்தில் நடக்கும். அந்த மாணவர் அவசியம் வர வேண்டும். சமன்பாடுகளோடு வரட்டும். பொட்டலம் கொண்டுபோகும் நண்பர் இருவரையும் கூட்டி வரட்டும்.